குடும்பத் தொழிலுக்கு வெளியிலிருந்து மேனேஜர் எடுக்கிறீர்களா?

திருப்பூரில் அப்பா, சித்தப்பா, மகன் என்று மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். புரொடக்‌ஷன் மேனேஜர் வேலைக்கு வெளியாள் தேவை. விளம்பரம் கொடுப்பதெல்லாம் அப்புறம். வருகிறவர் யாரையும் கேட்காமல் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

பேசாமல் எடுத்தால், காலையில் மேனேஜர் ஒரு ஆர்டரைக் கட்டிங்குக்கு அனுப்புவார், பத்து மணிக்குச் சித்தப்பா வந்து "அதை நிறுத்து, இதை முதல்ல ஓட்டு" என்பார், யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று டெய்லர்களுக்கு அன்றைக்கே புரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சம்பளம் கொடுத்தும் பயனில்லை. அதனால் எழுதியே வையுங்கள்: ஊசி, நூல் மாதிரி சில்லறைக் கொள்முதல் எத்தனை ரூபாய் வரை அவர் கையெழுத்தில் போகலாம், ஓவர்டைம் யார் சொல்வது, ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் யார் பொறுப்பு, குடும்பத்தில் யாருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒருவருக்குத்தான். மற்றவர்கள் சொல்ல நினைப்பதும் அந்த ஒருவர் வழியாகவே போகட்டும்.

இன்டர்வியூவில் வீட்டு நிலவரத்தை மறைக்காதீர்கள். மச்சான்தான் கணக்கு பார்க்கிறார், இன்னும் சில வருடங்களில் மகன் பொறுப்புக்கு வருவார் என்றால் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல ஆள் மேலே போக வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பழைய இடத்தில் முதலாளி சொன்னது தப்பு என்று பட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

ஆஃபர் லெட்டர் கட்டாயம். 10 பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேர் என்றால் பிஎஃப் என்பது தெரிந்ததுதான், ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது, மேனேஜர் அதைத் தாண்டித்தான் வாங்குவார். அவருக்கும் குடும்பத்துக்கும் தனியாக மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

சேர்ந்த முதல் நாளே சித்தப்பாவே எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே லைன் விஷயம் எல்லாம் இவர்தான்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அப்பாவைவிட அவர் வாயால் வருவது நல்லது, ஏனென்றால் இத்தனை நாள் ஃப்ளோரைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு ஒரு டெய்லர் லீவு கேட்டு நேராக அவரிடமே வந்தாலும், "மேனேஜரைப் பார்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். மகனும் அப்படியே.