நீதிமன்றச் சான்றுக்குப் பிளாக்செயின்: முதல் ஹாஷிலிருந்து தொடங்குங்கள்

பிளாக்செயின் என்பது பலரிடம் ஒரே மாதிரி பிரதிகளாக இருக்கும், பழைய பதிவை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் சங்கிலிப் பதிவேடு. ஒரு கோப்பு உண்மையானதா என்று அது சொல்லாது. பதிவு ஏறிய பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே காட்டும். ஆகவே கைப்பற்றிய பொருளை யாரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும்.

வன்தட்டை ரைட் பிளாக்கர் (படிக்க மட்டும் விட்டு, எழுதுவதைத் தடுக்கும் கருவி) வழியாகத்தான் இணைக்க வேண்டும். நேரே சொருகினால் இயங்குதளம் தானாகவே எதையாவது எழுதிவிடும். பிட் பிட்டாக நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் தனித்தனியே எஸ்எச்ஏ-256 ஹாஷ் கணக்கிடுங்கள். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு. 64 எழுத்துகளும் ஒத்துப்போக வேண்டும். பழைய ஹாஷ் முறைகளான எம்டி5, எஸ்எச்ஏ-1 போதாது; ஒரே ஹாஷ் தரும் இரு வேறு கோப்புகளை இரண்டிலுமே செய்து காட்டிவிட்டார்கள். ஹாஷ் 'e3b0c442' என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அது காலிக் கோப்பின் ஹாஷ். வட்டிலிருந்து எதுவுமே படிக்கப்படவில்லை. சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் இன்னொரு சிக்கல் உண்டு: மின்சாரம் கிடைத்ததும் நீக்கப்பட்ட பகுதிகளை அது உள்ளுக்குள்ளேயே துடைக்கும், மறுமுறை ஹாஷ் வேறாக வரலாம். இதை அப்போதே குறிப்பில் எழுதிவையுங்கள்.

சான்றுக் கோப்பைச் சங்கிலியில் ஏற்றவே கூடாது. பாதிக்கப்பட்டவரின் படம் ஒருமுறை ஏறிவிட்டால், அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டாலும் அழிப்பது கடினம். கோப்பு மறையாக்கத்தோடு தனிச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். சங்கிலிக்குச் சான்று எண், ஹாஷ், தந்தவர், பெற்றவர், நேரம், நோக்கம் போதும். பெயருக்குப் பதில் குறியீட்டு எண். தொலைபேசி எண் போன்ற சிறு தகவலை வெறுமனே ஹாஷ் செய்தால், எல்லா எண்களையும் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ரகசியமான சால்ட் (கூடுதலாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்த்தே ஹாஷ் எடுங்கள்.

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருள் போன்ற, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் வலையமைப்பு பொருத்தமானது. காவல்துறை, தடயவியல் ஆய்வகம், நீதிமன்றம் மூன்றும் தனித்தனி நோடு (பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினி) நடத்த வேண்டும். எல்லாம் ஒரே அலுவலகத்தில் இருந்தால் அது வெறும் தரவுத்தளம்தான். ராஃப்ட் என்ற பெரும்பான்மை முறைப்படி பதிவுகளை வரிசைப்படுத்தும் நோடுகள் 5 இருந்தால் 2 பழுதானாலும் ஓடும்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் தருபவர், பெறுபவர் இருவரும் மின்கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடும் ரகசியச் சாவி தனி வன்பொருள் கருவியில் இருக்கட்டும். அதிகாரி இடம் மாறினால் அன்றே அவரது கையொப்பத்துக்கான மின்சான்றிதழை ரத்து செய்யுங்கள். தவறான பதிவை நீக்க முடியாது. அதைச் சுட்டித் திருத்தப் பதிவு போடுங்கள்.

விசாரணையில் சேமிப்பகக் கோப்பையே எடுத்து ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டிருக்கும். ஹாஷ் பொருந்தாது, கலப்படமில்லாத சான்றின் மீது வீண் சந்தேகம் விழும்.