மறதி நோய் வந்தவரைப் பார்த்துக்கொள்பவருக்கு நீங்கள் செய்யக்கூடியவை

அக்காவோ அண்ணியோ டிமென்ஷியா வந்த அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காதீர்கள், அவர்கள் கேட்கவே மாட்டார்கள். "சனிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன், ஏழு வரைக்கும் அம்மா கூட நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள்.

சாயங்காலம் ரொம்ப முக்கியம். பொழுது சாயும்போதுதான் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "நான் வீட்டுக்குப் போகணும்" என்று புடவைத் தலைப்பை முறுக்கியபடி வாசலுக்கு நடப்பார்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். "சரி, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, விளக்கைப் போட்டு, ஆய்வதற்குக் கொஞ்சம் கீரையைக் கொடுத்தால் பல நேரம் மனம் அதில் திரும்பிவிடும்.

அப்புறம், அரை மணி நேரம் பார்த்துவிட்டு "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி நாலு முறை எழுந்தவளுக்கு அது எவ்வளவு வலிக்கும் தெரியுமா?

வெளியூரில் இருக்கிறீர்களா, டயப்பர், மருந்துச் செலவைக் கேட்காமலே மாதாமாதம் அனுப்புங்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567, பார்த்துக்கொள்பவர் மனம் தளர்ந்தால் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரண்டையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள்.