லைட் திடீரெண்டு பளீரென எரிஞ்சால்

கச்சான் காத்துக்கு பனை மட்டை லைனில விழுந்து, எங்கட வீட்டு ரீவியும் றவுட்டரும் ஒரே நேரத்தில கருகிப் போச்சு. பிறிட்ஜ் தப்பினது அதிர்ஷ்டம். வந்து பார்த்தவர் சொன்னார், அறுந்தது கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயராம்.

வன்னிப் பக்கம் லைன் நீளம், மரமும் கிட்ட. அதால இதைத் தெரிஞ்சு வையுங்கோ: நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கியும் வரலாம். அடையாளம் சுலபம். ஒரு வீட்டில லைட் அளவுக்கு மிஞ்சிப் பளீரெண்டு எரியும், பக்கத்து வீட்டில மங்கும். ஃபேன் வழமைக்கு மாறாய் உறுமிச் சுத்தும்.

ஏனெண்டு யோசிச்சு நிக்காமல் உடன மெயின் சுவிட்சை இறக்குங்கோ, பிறகு பிளக்குகளைக் கழட்டுங்கோ. ட்ரிப் சுவிட்ச் விழும் எண்டு நம்பி இருக்காதேங்கோ. அது கரண்ட் கசிவுக்குத்தான், கூடின வோல்ட்டுக்கு இல்லை. (நானும் அப்பிடித்தான் நம்பியிருந்தனான்.) அறுந்து கிடக்கிற வயருக்குக் கிட்டவும் போகவேண்டாம், மின்சார சபைக்கு 1987 அடியுங்கோ.

வசதியிருந்தால் எலக்ட்ரீசியனிட்டச் சொல்லி மெயினுக்குப் பக்கத்தில ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் (வோல்ட் கூடினால் கரண்டைத் தானே வெட்டுறது) ஒண்டு போடுவியுங்கோ. புது ரீவியை விட மலிவு.