பம்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

என்னுடைய கார் 1998 மாடல். ஒருநாள் மாலை சிக்னலில் நின்றது. செல்ஃப் நன்றாக எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது. அந்த வாரத்தில் மூன்று முறை இப்படி ஆனதும் டேங்கிலிருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ஃப்யூயல் பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கி மாட்டினேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி நின்றது.

கோளாறு பம்பில் இல்லை. டேங்குக்குப் பக்கத்தில் பாடியோடு சேர்த்து முடுக்கியிருந்த, பம்பின் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் ஒயரின் போல்ட் துருவேறிக் கிடந்தது. நான் பம்பை மாட்டும்போது ஒயர் அசைந்து கொஞ்ச நாள் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு, பம்ப் என்று யார் சொன்னாலும் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் எடுக்கிறேன்.

உங்கள் வண்டி காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்பரேட்டர் வண்டியா, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான கார்பரேட்டர் வண்டிகளில் பம்ப் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும். இன்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டு அதன் நெம்புகோலை அசைக்க, உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம் பெட்ரோலை இழுத்துத் தள்ளும். டயாபிரம் கிழிந்தால் பம்பின் அடியில் கசியும், அல்லது பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அந்த இன்ஜினை ஓட்டவே கூடாது. பம்போடு ஆயிலையும் மாற்ற வேண்டும். இரண்டு போல்ட், இரண்டு ஹோஸ், ஒரு கேஸ்கெட். ஒரு மணி நேர வேலை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். அங்கேதான் நேரம் பிடிக்கும்.

காதிலிருந்து தொடங்குங்கள். தம்பியை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் காதை வைத்துக் கேட்பேன். செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சுமார் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்க வேண்டும். சில பழைய வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போதுதான் பம்ப் ஓடும். அதனால் இரண்டு விதமாகவும் பாருங்கள்.

சத்தமே இல்லையா? ஃப்யூஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். பம்புக்கு மின்சாரத்தை ஆன் செய்யும் சுவிட்சான ரிலேயை, அதே எண் போட்ட ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில வண்டிகளில், மோதினால் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் டிக்கியிலோ கால் வைக்கும் இடத்திலோ இருக்கும். பள்ளத்தில் பலமாக இறங்கினாலே அது ஆஃப் ஆகிவிடுவதுண்டு. மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் போதும்.

இவை எல்லாம் சரி என்றால் அடுத்தது பம்புக்குப் போகும் கனெக்டர். நான் முதல் முறை தவறியது இங்கேதான். கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தேன், 12 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, ஆகவே பம்ப் செத்துவிட்டது என்று நினைத்தேன். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், போல்ட் முழுக்கத் துருவாக இருந்தாலும் அது 12 வோல்ட்டையே காட்டும். பம்ப் ஓடும்போது பல ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமை ஏறும்போதுதான் கெட்ட இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே சுமை கொடுத்துச் சோதியுங்கள். பம்ப் ஓடுகிறது, ஆனால் முனகல் பலவீனமாக இருக்கிறது என்றால் கனெக்டரை மாட்டியபடியே பின்பக்கம் வழியாக மீட்டர் ஊசியை நுழைத்து அளக்கலாம். பம்ப் ஓடவே இல்லை என்றால், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒயரால் இணையுங்கள். அது நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டேங்க் மூடியிருக்கும்போதே, பெட்ரோல் வாடை இல்லாத நிலையில், சாவி ஆஃபில் இருக்கும்போது இணைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். அப்போதுதான் பொறி பறக்காது. பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை பம்பின் எர்த் ஒயரிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். என் வண்டியில் 2.8 காட்டியது. போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள தகட்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினேன், 0.1 ஆனது. பாசிட்டிவ் பக்கத்தையும் பேட்டரி பாசிட்டிவிலிருந்து இதே முறையில் அளந்துவிடுங்கள்.

மின்சாரம் முழுதாக வந்தும் பம்ப் பேசவில்லை என்றால் அது போய்விட்டது. டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது ஓடத் தொடங்கினால் உள்ளே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வீடு போய்ச் சேர அந்தத் தட்டு உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் மேட்டில் இழுவை இல்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் தேவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள பல வண்டிகளில் இந்த அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். ஒரே இன்ஜெக்டர் உள்ளவற்றில் 1 பார் அளவுதான். சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். குறைவாக இருந்தால் உடனே பம்பைக் குற்றம் சொல்லாமல் ஃபில்டரை மாற்றுங்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள். அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாபிரம் கிழிந்திருக்கிறது.

இனி மாற்றும் வேலை. டேங்கில் கால்வாசிக்கும் கீழாகப் பெட்ரோல் இருக்கும்போது செய்யுங்கள். திறந்தவெளியில், பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் வைத்துக்கொண்டு. சிகரெட், ஹீட்டர், ஒயரில் தொங்கும் பல்பு எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்தில் உள்ள நெருப்பைத் தொடும். இதில் மட்டும் யாரும் அவசரப்படாதீர்கள்.

பம்ப் கொஞ்சமாவது ஓடுமானால் அதன் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை விடுங்கள். லைனில் உள்ள அழுத்தம் இறங்கும். ஓடாவிட்டாலும் அழுத்தம் மிச்சமிருக்கலாம் என்று எண்ணி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஹோஸ் இணைப்பில் துணியைச் சுற்றித் தளர்த்துங்கள். ஹோஸைத் தளர்த்தும் முன்பே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பல வண்டிகளில் பின் சீட்டின் அடியில் ஒரு மூடி இருக்கும். இல்லாவிட்டால் டேங்கையே ஜாக்கி வைத்து இறக்க வேண்டும். எப்படியானாலும் பம்பின் மேல் உள்ள மண்ணைத் துடைத்து, முடிந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே திறங்கள். இருபது வருடப் புழுதி ஒரு பிடி உள்ளே விழுந்தால் புதுப் பம்பில் பெட்ரோலை வடிகட்டும் வலை அடைத்துக்கொள்ளும். பூட்டு வளையத்தைப் பித்தளை உளியாலோ மரக்கட்டையாலோ தட்டிச் சுற்றுங்கள். இரும்பு வேண்டாம், பொறி வரும்.

பம்ப் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து வெளியே எடுங்கள். அப்புறம் டார்ச்சால் டேங்குக்குள் பாருங்கள். அடியில் துருத்தூள் இருந்தால் டேங்கைக் கழுவாமல் புதுப் பம்பைப் போடுவது வீண்.

புதுப் பம்போடு வலையும், பம்ப் மூடியின் ஓரிங் என்ற ரப்பர் வளையமும் புதியதாகவே போடுங்கள். உள்ளே உள்ள சின்ன ஹோஸுக்குச் சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் ஆகாது. அது உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும்படி செய்தது. மூழ்கிக் கிடந்தால் வெளிப்பக்கம் ஊறிக் கிழியும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கத் தகுந்த ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், ஹோஸின் மேல் இருக்கும் எழுத்து ‘எஸ்ஏஇ ஜே30ஆர்10’. கனெக்டரின் பின்கள் கறுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பேட்டரியைக் கொடுத்து, சாவியை ஆன்-ஆஃப் என்று நான்கைந்து முறை திருப்புங்கள், லைன் நிரம்பும். சீட்டைப் போடாமல், இணைப்புகளை விரலால் தடவி ஈரம் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் முறை டேங்கை முழுதாக நிரப்பியதும் மறுபடி சீட்டின் அடியில் உள்ள மூடியைத் திறந்து முகருங்கள். ஓரிங் மடிந்திருந்தால் கால் டேங்கில் தெரியாது, முழு டேங்கில்தான் கசியும்.