ஃபீனிக்ஸ் தகர வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்ததும் வழிகாட்டிச் செயலியில் ‘ஃபீனிக்ஸ்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 1976-இல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஃபீனிக்ஸ் நகர்ப்பகுதிக்குள் எங்காவது ஒரு கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தும். காந்தி 1904-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருப்பது அதை ஒட்டிய இனாண்டாவில், பம்பாயி என்ற குடிசைப்பகுதிக்கு நடுவில். ‘ஃபீனிக்ஸ் செட்டில்மென்ட், பம்பாயி’ என்று முழுப்பெயரையும் போடுங்கள். பம்பாய் என்பதுதான் பம்பாயி ஆனது என்பார்கள்.

டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் மாகாணத்தில் பிறந்து லண்டன், சிட்னி, டொரண்டோ என்று குடிபெயர்ந்தவர்கள் ஊருக்கு வந்தால் கடற்கரை, பெரிய மால், சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு என்றே நாள் ஓடிவிடுகிறது. ஒரே ஒரு காலைப்பொழுதை இந்தக் குடியிருப்பில் உள்ள காந்தியின் தகர வீட்டுக்கு ஒதுக்குங்கள். காந்திக்காக என்பதைவிட, உங்கள் தாத்தா எந்த மாதிரிக் கட்டடத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

இங்கே பாடமும் நடந்தது, அச்சும் நடந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் 1903-இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை மறு ஆண்டே அச்சகத்தோடு இங்கே இடம்மாறியது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் காந்தியின் நண்பர் கால்லன்பாக் 1910-இல் கொடுத்த 1,100 ஏக்கர் டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்திதான். கப்பலிலும் சிறையிலும் போப்பையர் புத்தகத்தை வைத்துப் படித்த தமிழ் அது! 1913-இல் பண்ணையை மூடியபோது பிள்ளைகள் ஃபீனிக்ஸுக்கு வந்துசேர்ந்தார்கள். பிற்காலத்தில் கஸ்தூர்பா பெயரில் பள்ளிக்கூடம் நடந்ததும் இந்த வளாகத்தில்தான்.

இனி கட்டடத்துக்கு வருவோம். இதைப் பார்க்கத் தெரியாமல் பார்த்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ‘சர்வோதயா’ என்ற காந்தியின் வீடு 1904-இல் நின்ற அதே வீடு அல்ல. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் கலவரம் வெடித்தபோது எரிந்துபோனது. அக்கம்பக்கத்து இந்தியக் குடும்பங்களும் அப்போதுதான் ஊரைவிட்டு ஓடின. உங்கள் வீட்டிலேயே யாராவது அதில் இருந்திருக்கலாம், புறப்படும் முன் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டிய வளாகத்தை 2000 பிப்ரவரி 27 அன்று அன்றைய ஜனாதிபதி தாபோ ம்பெக்கி திறந்துவைத்தார்.

அந்தக் கால நேட்டாலில் எளிய இந்தியர் வீடு, பள்ளிக்கூடம், சில இடங்களில் கோயில்கூட இப்படித்தான்: வெளியே நெளிதகரம், உள்ளே பலகை, முன்னால் தாழ்வாரம். செங்கல்லைவிட மலிவு. நிலம் குத்தகையாக இருந்ததால், கிளம்பச் சொன்னால் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஃபீனிக்ஸில் முதலில் எழுந்த அச்சுக்கூடம் 75 அடி நீளம், 50 அடி அகலம். டர்பன் வணிகர் பார்சி ருஸ்தம்ஜி ஒரு பெரிய கிடங்கின் பழைய தகரங்களைக் கொடுத்தார், போயர் போரில் காந்தியோடு இருந்த தச்சர்களும் கொத்தர்களும் கைகொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்தது.

எந்தத் தகர வீட்டுக்குப் போனாலும் இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தையும் ஆணித் துளையையும் உற்றுப் பாருங்கள். மழைத்தண்ணீர் வடியாமல் அங்கேதான் தங்கும், துரு அங்கேதான் பிடிக்கும். டர்பன் கடற்காற்றில் உப்பு வேறு. சுவர் முழுக்கத் தகரம் ஒரே நிறம், ஒரே நெளிவு அகலம் என்று இருந்தால் அநேகமாகப் புதுசு. வேறு வேறு நெளிவு கலந்திருந்தால் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்ட பழைய சுவர். பிறகு தரையோரப் பலகையைக் கவனியுங்கள், கரையான் ஏறுவது அங்கிருந்துதான்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போய்விடுங்கள். நண்பகலில் தகரத்தின் கீழ் நிற்க முடியாது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஜூன், ஜூலை தோதான மாதங்கள், ஆனால் மாலை ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். நெருக்கமான குடிசைப்பகுதி என்பதால் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு சுற்ற வேண்டாம். இந்தப் பக்கத்து வரலாற்று இடங்களை இணைக்கும் இனாண்டா பாரம்பரியப் பாதையில் வேலை செய்யும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முந்தின வாரமே பேசி வையுங்கள், அன்று வளாகம் திறந்திருக்குமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பையைக் கார் டிக்கியில் பூட்டுவதானால் வந்துசேர்வதற்கு முன்பே பூட்டுங்கள், வந்த இடத்தில் எல்லோரும் பார்க்கத் திறக்காதீர்கள். சில்லறை ராண்ட் கையில் இருக்கட்டும். ஜூலு மொழியில் வணக்கம் சொல்ல, ஒருவரைப் பார்த்தால் ‘சாவுபோனா’, பலர் என்றால் ‘சனிபோனானி’. இதைச் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால் ஊர்க்காரர் முகமே மாறும்.

ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து சிறிது தூரத்தில் கறுப்பினத் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்ட இடம். டூபேயின் ‘இலாங்கா’ பத்திரிகையின் தொடக்க கால இதழ்கள் அச்சானது, பின்னால் ஃபீனிக்ஸுக்கு இடம்மாறிய அதே அச்சகத்தில். ஃபீனிக்ஸ், ஓலாங்கே இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம். பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஊர்க் கோயில்களையும் சேர்ப்பதானால் பெரிய வெள்ளி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அன்று மாரியம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும். தோட்டக்காலத்தில் கூலிகளுக்கு லீவு கிடைத்த நாள் அதுதான் என்று காரணம் சொல்வார்கள். சாமி கும்பிட என்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது, கட்டடம் பார்க்க என்றால் ஆகாது.

தாத்தா படித்த பள்ளியையே தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரும்புத் தோட்டத்து இந்தியப் பள்ளிகள் பலவற்றில் கட்டடத்துக்குச் சனங்கள் காசு சேர்த்தார்கள், வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் சனங்களை வேறு இடத்துக்குத் துரத்தியதும் பல பள்ளிகள் மூடின, சில பெயர் மாறின. ஆகவே இன்றைய பெயரை வைத்துத் தேடினால் சிக்காது. தோட்டத்தின் பெயரையும், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் உங்கள் முன்னோருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த காலனி எண்ணையும் எடுத்துக்கொண்டு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் என்பதால் முதலியை ‘மூட்லி’, கவுண்டரை ‘கோவெண்டர்’ என்று எல்லா எழுத்திலும் தேட வேண்டிவரும். கட்டடம் கிடைத்துவிட்டால் நேரே வகுப்பறைக்குள் நுழையாதீர்கள். முதலில் தாழ்வாரச் சுவரில் அடிக்கல் இருக்கிறதா பாருங்கள், சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தாலும் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும்.