'போல' வந்தாலே உவமை அணியா?

செய்யுளில் 'போல' என்ற சொல் கண்ணில் பட்டவுடன் 'உவமை அணி' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் மாணவர்கள் ஏராளம். பாதி நேரம் சரியாகவும் இருந்துவிடும். அதுதான் தொல்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் அசைகின்றன. 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். இங்கே 'போல்' இருக்கிறது, உவமை இல்லை. கொடி காற்றில் ஆடுவது இயல்பு. 'வராதீர்கள்' என்று அது தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தாமாக ஏற்றிய குறிப்பு. எனவே இது தற்குறிப்பேற்ற அணி. 'போல' போன்ற உவம உருபைத் தேடுவதற்கு முன், இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் வேறு காரணம் கற்பிக்கிறாரா என்று பாருங்கள்.

உவமையையும் உருவகத்தையும் குழப்புவது இன்னொன்று. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமே மலர், உருவகம். சொல் இடம் மாறியதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். முதலாவதில் இரண்டும் வேறு வேறாக நிற்கின்றன, இரண்டாவதில் ஒன்றாகிவிட்டன.

சிறுகதைப் பகுதியில் வரும் தவறுகள் வேறு வகை. 1915இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை எடுத்துக்கொள்வோம். 'கதையின் கரு என்ன?' என்று கேட்டால், ருக்மிணியின் தந்தை செல்வத்தை இழந்தார், புகுந்த வீட்டார் மகன் நாகராஜனுக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்தார்கள், ருக்மிணி குளத்தில் விழுந்து உயிர்விட்டாள் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். அது கதைச்சுருக்கம். பணத்தை வைத்து ஒரு பெண்ணின் வாழ்வை எடைபோடுவதும், அவள் மனத்தை அறியாமல் கணவன் விளையாட்டாக உண்மையை மறைப்பதும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பது கரு. நிகழ்ச்சிகளை மாற்றினாலும் எது மிஞ்சும் என்று கேட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

'நான்' என்று கதை சொன்னால் ஆசிரியரே பேசுகிறார் என்று நினைப்பதும் உண்டு. இந்தக் கதையைச் சொல்வது அந்த அரசமரம். ஐயர் மரம் அல்லவே! கதைசொல்லி என்பவரும் ஆசிரியர் படைத்த ஒரு பாத்திரம். மரத்தால் நகர முடியாது, தன் நிழலில் நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும்தான் முடியும். ருக்மிணியைத் தடுக்க முடியாத அதன் தவிப்பு நமக்கும் தொற்றிக்கொள்வது அதனால்தான்.

களம் என்றவுடன் ஊரை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். காலமும் களத்தில் அடங்கும். சிறு வயதிலேயே கல்யாணம் நடந்து, மனைவி இருக்கும்போதே கணவனுக்கு இன்னொரு பெண் பார்க்க முடிந்த காலம் அது. அதை எடுத்துவிட்டால் ருக்மிணிக்குச் சிக்கலே இல்லை, கதையும் இல்லை.