வேலையை ஏற்பதிலிருந்து ஒப்படைப்பது வரை: வேலூர் வட்டாரத்துச் சிறு வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த இந்த வட்டாரத்தில், நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஆம்பூர் காலணி ஏற்றுமதியாளரின் கேட்டலாக்கும் வரும், குடியாத்தம் கைலி வியாபாரியின் லேபிளும் வரும், ஐடா ஸ்கடர் சாலை விடுதியின் பெயர்ப்பலகையும் வரும். வேலைகள் வேறு வேறானாலும், அவை பாதியில் நிற்பதற்கும் பணம் நிலுவையில் கிடப்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இறுதிச் சொல் யாருடையது, அவர் எதற்குச் சம்மதம் சொன்னார் என்பதைத் தொடக்கத்தில் யாரும் கேட்கவும் இல்லை, எழுதிவைக்கவும் இல்லை. அதைக் கேட்பதும் எழுதிவைப்பதும் எப்படி என்று, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு

முதல் பேச்சை உங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாமல் வாடிக்கையாளரின் கடைக்கோ பட்டறைக்கோ நேரில் செல்லுங்கள். லாங் பஜார் போன்ற நெருக்கமான கடைத்தெருவில் எதிரே நின்று பலகையைப் படிப்பவர் குறைவு. கூட்டத்தோடு நடந்தபடியே பக்கவாட்டில் பார்ப்பவரே மிகுதி என்பதால், அங்கே எழுத்தின் அளவும் பலகையின் சாய்வும் நெடுஞ்சாலையோரக் கடைக்கு வைப்பதிலிருந்து மாறும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர்க் கோடையில் ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். பழைய பில் புத்தகத்தையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கடைப்பெயரின் எழுத்தமைப்பு பலகையில் ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தால், எதைப் பின்பற்றுவது என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, முடிவெடுப்பவர் யார் என்பது. இங்குள்ள தொழில்களில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள். மகன் பேசுவார், மருமகன் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்புவார், கணக்குப்பிள்ளை அட்வான்ஸைத் தருவார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கடைசி நாளில் ஒரு பார்வை பார்த்து, “இது நம்ம கடை மாதிரியே இல்லியேப்பா” என்று சொல்லிவிட்டால் அத்தனையும் நின்றுவிடும். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அப்பாவும் ஒரு தடவை பாத்துட்டா நல்லா இருக்கும் சார், அவரு எப்ப கடையில இருப்பாரு?” என்று மகனிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் மாதிரி தயாரானதுமே அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்று பெரியவரின் கையில் கொடுங்கள். கைபேசித் திரையில் காட்டினால் அவர் தலையாட்டுவார். தாளில் கொடுத்தால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். நமக்கு வேண்டியது அந்தப் படிப்புதான்.

கொட்டேஷன்

கொட்டேஷன் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எத்தனை மாதிரிகள் காட்டப்படும், எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும், அதற்கு மேல் போனால் எவ்வளவு, அச்சுச் செலவு இதில் அடங்குமா, புகைப்படம் யார் பொறுப்பு, இறுதி ஒப்புதல் தருபவரின் பெயர் என்ன ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். பாதித் தொகையை அட்வான்ஸாகப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், 18 விழுக்காடு வரி தனி என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். “எல்லாம் சேத்துதானே சொன்னீங்க” என்ற பேச்சு பில் கொடுக்கும் நாளில் எழாமல் இருக்க அதுவே வழி.

தேதியை முடிவுநாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். சென்னையில் பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் தோல் பொருள் கண்காட்சிக்குக் கேட்டலாக் வேண்டும் என்று ஆம்பூரிலிருந்தோ இராணிப்பேட்டையிலிருந்தோ ஒருவர் கேட்டால், இடையில் பொங்கல் விடுமுறை வரும் என்பதையும், சிவகாசி அச்சகங்கள் ஆண்டு இறுதிவரை காலண்டர் வேலையில் மூழ்கியிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லி, நவம்பரிலேயே படங்களையும் விவரங்களையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எந்த மொழியில், எந்த எழுத்தில்

மற்ற ஊர்களைவிட வேலூரில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆந்திரம் எனப் பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருவதால், அதைச் சுற்றியுள்ள விடுதிகளும் உணவகங்களும் மருந்துக்கடைகளும் வங்காளம், இந்தி, தெலுங்கு எழுத்துகளைப் பலகையில் கேட்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. விடுதி உரிமையாளர் வங்காள எழுத்தைப் பெரிதாகக் கேட்கும்போது, விதியைச் சொல்லி மறுப்பதோடு நிறுத்தாமல், பலகையில் விகிதத்தைக் காத்துவிட்டு, வரவேற்பு மேசைக்குப் பின்னாலுள்ள சுவரிலும் அறை வாடகை அட்டையிலும் வங்காளத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று வழி காட்டுங்கள். அலைந்து களைத்து வரும் நோயாளியின் குடும்பத்துக்குத் தம் மொழியில் மிகவும் தேவைப்படுவது வாடகையும் வெந்நீர் வரும் நேரமும்தான். எந்தப் பிற மொழி வரியானாலும், கணினி மொழிபெயர்ப்பை அப்படியே வைக்காமல் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டிவிட்டே அச்சுக்கு அனுப்புங்கள்.

தமிழுக்கும் அதே கவனம் வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை (composer) தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை வேறு கணினியில் திறந்தால் தமிழே காணாமல் போய் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். ஆகவே அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கோட்டுவடிவாக (outline), அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் படமாக, மாற்றிவிட்டு, மாற்றிய பிறகு இன்னொரு முறை முழுவதையும் படியுங்கள். மாற்றுவதற்கு முந்தைய கோப்பைத் தனியே வைத்திருந்தால்தான் அடுத்த ஆண்டு அதில் திருத்தம் செய்ய முடியும்.

மருத்துவ விளம்பரம்

இது மருத்துவத்தால் பெயர் பெற்ற ஊர் என்பதால் சிறு மருத்துவ நிலையங்களின் நோட்டீஸ் வேலையும் வரும். ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ போன்ற வரியை யார் கேட்டாலும் செய்து தராதீர்கள். குறிப்பிட்ட நோய்களுக்கு மருந்து குணம் தரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சர்க்கரை நோயும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உள்ளன. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கேற்பவரும் அதற்குப் பொறுப்பாவார். சட்டம் இல்லாவிட்டாலும், கடைசி நம்பிக்கையோடு ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குபவரை ஏமாற்றும் ஒரு வரியை அழகாக எழுதித் தருவது நம் வேலை ஆகாது. மருத்துவரின் பட்டம், பதிவு எண், பார்க்கும் நேரம், இடம் ஆகியவற்றைத் தெளிவாகத் தந்தாலே அந்த நோட்டீஸ் போதுமான பயனைத் தரும்.

ப்ரூஃபும் ஒப்புதலும்

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கட்டைவிரல் படத்தை ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள். அது பார்த்தேன் என்பதற்கு மட்டுமே அடையாளம். ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரியை, படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும் என்பதால் பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, கோப்பின் பெயரிலேயே தேதியையும் எத்தனையாவது ப்ரூஃப் என்பதையும் சேர்த்து, “மூன்றாவது ப்ரூஃபைப் படித்துவிட்டோம், அச்சுக்கு அனுப்பலாம்” என்ற வாக்கியத்தை, கொட்டேஷனில் பெயர் எழுதப்பட்டவரே அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு முன் உங்கள் பக்கத்துச் சோதனை முடிந்திருக்க வேண்டும். ப்ரூஃபில் உள்ள தொலைபேசி எண்ணை, தாளைப் பார்த்தே அழைத்துப் பாருங்கள். பணம் செலுத்தும் க்யூஆர் குறியீட்டை, தாளிலிருந்தே ஸ்கேன் செய்து, ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயர் கடைக்காரரின் பெயர்தானா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் அச்சான பிறகு ஓர் இலக்கம் மாறியிருப்பது தெரிந்தால் அதை ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

திருத்தங்களைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள். வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு ஒரே பட்டியலாகத் தரும்படி கேளுங்கள். “லோகோவ இன்னும் பெருசாக்குங்க” என்பது எல்லோருக்கும் பழக்கமான திருத்தம். அதைச் சலிப்போடு கேட்பதில் பயனில்லை, ஏனெனில் சாலையில் போகிறவருக்குக் கடை தெரியாமல் போய்விடுமோ என்ற உண்மையான கவலை அதற்குள் இருக்கிறது. பலகையில் வரப்போகும் அதே அளவில் லோகோவை ஏ4 தாள்களில் பகுதி பகுதியாக அச்சிட்டு, கடைச் சுவரில் சேர்த்து ஒட்டி, அவரையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். போதும் என்று அவரே சொல்லலாம். போதாது என்பது உங்களுக்கே புரியவும் செய்யலாம்.

பணமும் ஒப்படைப்பும்

உங்கள் நிறுவனத்தை, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான உத்யமில் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் தர வேண்டும், அந்த நாளும் 45 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். பெரிய ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல வேளைகளில் பணம் நகர்ந்துவிடும். தெருமுனைக் கடைக்காரரிடம் இதைப் பேச வேண்டியதில்லை. மீதித் தொகை வந்த பிறகே இறுதிக் கோப்பு என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் போதும்.

லோகோவின் பதிப்புரிமையை வாடிக்கையாளருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்திலும் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டுக்குக் காலணி அனுப்பும் வாடிக்கையாளருக்கு அந்த ஒரு வரி விடுபட்டாலே பெரிய சிக்கல் வரலாம். இணையதளமும் செய்து தந்திருந்தால் டொமைனை அவருடைய மின்னஞ்சலிலும் அவருடைய கைபேசி எண்ணிலுமே பதிவு செய்து, புதுப்பிக்க வேண்டிய தேதியையும் எழுதி, கோப்புகள் உள்ள பென்டிரைவோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.